பழைய குழுவைக் கொண்டுவரவா?

இரண்டாம் பாகம் திறந்ததும் கேட்கிறது:
பழைய குழுவைக் கொண்டுவரவா,
புதிதாக ஆறு பேரை உருவாக்கவா?

வெள்ளவத்தை, ஐந்தாம் மாடி.
கடற்கரைப் பக்கம் கடைசி ரெயின் போகிறது.
மேசை அதிர, திரையில் அம்பு
இரண்டு விடைகளுக்கும் நடுவில் நிற்கிறது.
தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிவிட்டது.
நாளைக்குப் போயா, வேலை இல்லை.
இன்றைக்கு ஏன் என்று கேட்டால் அவ்வளவுதான்.

முதல் பாகத்தை முடித்தது ஹம்டன் ஒழுங்கையில்,
பதினேழு வருசத்துக்கு முந்தி.
பின்வளவு அனெக்ஸ். பெட்டையள் ஐந்து பேர், கணினி ஒன்று.
பக்கத்து மூடியைக் கழற்றியே வைத்திருப்போம்;
எங்களிடம் இருந்த ஒரே மேசைவிசிறி
அதன் வயிற்றுக்குத்தான் வீசும், எங்களுக்கு வியர்க்கும்.
வட்டு பம்பலப்பிட்டியில் வாங்கியது, நூற்றைம்பது ரூபா,
உறையில் இருந்த படம் வேறேதோ விளையாட்டினுடையது.

ஆளுக்கொரு பாத்திரம்.
சுகந்தினி வாள். மட்டக்களப்புக்காரி,
குகைப் பூதத்தையும் ‘வாகா’ என்றுதான் கூப்பிடுவாள்.
ஹம்சா வில். அட்டன் யோகமலர் கோடரி.
நான் மந்திரம், எந்நேரமும் பின்வரிசை.
பூட்டுத் திறக்க, பொறி பார்க்க, மன்னார் ஜெனிற்றா.
ஆறாவது இடத்துக்கு ஆளில்லை.
காயம் ஆற்றுகிற பூசாரிக்கு
வீட்டுக்காரி மிசிஸ் வீரக்கொடியின் பெயரை வைத்தோம்.
வாடகை கூட்டிய மாதம் அவவை முன்வரிசைக்கு அனுப்பினோம்.

அந்த வருசம் இன்னொரு படிவமும் நிரப்பினோம்,
பொலிசுக்கு, மூன்று பிரதி.
பெயர். இனம். பிறந்த இடம்.
கொழும்பில் தங்கியிருக்கும் காரணம்.

விளையாட்டும் இனம் கேட்டது.
மனிதர், குள்ளர், வனவாசி, அரை அரக்கர்.
யோகமலர் அரை அரக்கியை அழுத்திவிட்டுச் சிரித்தாள்:
“இதுலயாவது நானா தெரிவு பண்ணிக்கிறேன்.”
காரணம் என்ற பெட்டி அதில் இருக்கவில்லை.

ஜெனிற்றாவுக்கு ஒரு சட்டம்:
கதவைத் தொட முதல் சேமி.
கரண்ட் எப்ப போகும், ஆர் வந்து தட்டுவினம்,
ஆருக்குத் தெரியும் என்பாள்.

தை மாதம், தமையனின் கலியாணம் என்று ஊருக்குப் போனாள்.
என்னிடம் பன்னிரண்டாயிரம் கைமாற்று.
இரண்டாம் பாகத்தை அதே கிழமைதான் வாங்கியிருந்தோம்.
அவள் வரட்டும், வந்தபிறகு தொடங்குவம்.

முதலில் கடனுக்காக அவளைத் தேடினேன்.
பிறகு கடனை விட்டுவிட்டுத் தேடினேன்.
பிறகு, தேடுவதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

மற்றவர்கள் இருக்கிறார்கள்.
பிறந்தநாளுக்குக் குரல்செய்தி வரும்.
வாள்காரிக்கு இப்போது முழங்கால் வலி.
அவளைப் பற்றிப் பேச்சு வரும் இடத்தில்
எல்லோரும் சேர்ந்தாற்போல் இருமுவோம்.

கொண்டுவரலாம் என்கிறது குறிப்பு, ஆனால்
ஆயுதம் வராது. தங்கம் வராது.
கற்றதில் பாதி கடலோடு போய்விடும்.
(கட்டுநாயக்காவில்கூட இவ்வளவு பறிக்கமாட்டார்கள்.)
கதை, கப்பல் உடைவதில் தொடங்குகிறது.

பழைய வட்டு, அடையாள அட்டைப் பிரதிகளோடு
ஒரே உறையில் இருந்தது. கீறல் இல்லை.

கொண்டுவா.

பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாய் வருகின்றன.
எட்டெழுத்துக்கு மேல் விடாத காலம் அது,
வீரக்கொடி பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறா.

கரை. ஈர மணல். ஆறு பேர் குப்புறக் கிடக்கிறார்கள்.
யன்னலுக்கு வெளியேயும் அதே இரைச்சல்.
வேகம் கூடியவர் முதலில் எழும்புவார் என்பது விதி.
ஜெனிற்றா எழும்புகிறாள்.
உயிர் பதினொன்று. கையில் ஒன்றுமில்லை.
பத்தடி தள்ளி ஒரு கதவு.
திறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பத்தொன்று.

பொறு, முதலில் சேமிக்கிறேன்.
பெயர் கேட்கிறது.
பன்னிரண்டாயிரம் என்று அடிக்கிறேன்.